நிகர எடை

மாண்புமிகு ஐயா,
புக்கிட் கெலுவாங் செம்பனை ஆலையில்
நிறுவைப் பாலத்துக் கிராணி நான்.
லோரி உள்ளே வரும்போது ஓர் எடை.
குலையைக் கொட்டிவிட்டு வெளியேறும்போது ஓர் எடை.
கழித்தால் தெரிந்துவிடும்
வந்து சேர்ந்தது எவ்வளவென்று.
பதினேழு வருடமாய்
எனக்கு வரும் கணக்கு இது ஒன்றுதான்.
அதை வைத்துத்தான் கேட்கிறேன்.

தேர்தலுக்கு முந்திய மாதம்
பள்ளித் திடலில் கூடாரம் போட்டு
உறுமி அடித்து
எட்டடி நீளக் காசோலையை
ஆறு பேர் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.
இணைக் கட்டடத்துக்கு
ஆறு லட்சம் வெள்ளி.
மாலை வரிசையில் என் மகன் துர்கேஷ்வரன்.
நீங்கள் வர இரண்டு மணி நேரம் தாமதம்,
வெயிலில் அவன் மூக்கில் ரத்தம்.
அதை நான் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை.

நான்கு தூண் எழும்பியது.
அப்புறம் குத்தகையாளர்
"காசு வரலம்மா" என்று
கலவை இயந்திரத்தை இழுத்துக்கொண்டு போனார்.
தூண்களின் தலையில் துருக்கம்பி.
மழைக்குப் பின்
செங்கல் நிறத்தில் ஒழுகும்.

சிற்றுண்டிச்சாலையில்தான்
மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும்.
இரண்டுக்கும் நடுவே தடுப்பு
உங்கள் காசோலை.
வெற்று முதுகில் நான்காம் ஆண்டின் வாய்பாடு.
முகப்பைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்
தொகைக்குப் பின்னால் வரும் 'சஹாஜா'வை
எழுத்துக் கூட்டிப் படித்து
ஆசிரியையிடம் பொருள் கேட்டார்கள்.
'மட்டும்' என்றார் அவர்.
காசோலை. மட்டும்.

புத்ராஜெயாவில், விடுவித்தாகிவிட்டது என்கிறார்கள்.
பள்ளி வாரியத்தில், வரவில்லை என்கிறார்கள்.
மாநில இலாகாவில் ஒருவர்
வட்டாரத்தைக் கேளுங்கள் என்றார்,
வட்டாரத்தில் ஒருவர்
பசியாறப் போயிருந்தார்.

ஐயா, ஒரு முறை
தோட்டத்துச் சீட்டில் பன்னிரண்டு டன்,
என் பாலத்தில் நானூறு கிலோ குறைவு.
டிரைவர் அப்பளசாமி
பிள்ளை தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.
அறிக்கை எழுதியது நான்.
வேலை போய்
இப்போது பசார் மாலாமில் கச்சான் விற்கிறார்.
நான் வாங்கினால்
மீதிச் சில்லறையை
இரண்டு தடவை எண்ணித் தருகிறார்.
இரண்டாவது தடவை எண்ணும்போது
என்னால் அவர் கையைப் பார்க்க முடிவதில்லை.

நானூறு கிலோவுக்கு
ஒரு மனிதனை இறக்கிவிட்டவள்
ஆறு லட்சத்துக்கு
வாயை மூடிக்கொண்டு இருப்பது எப்படி?

போன சனிக்கிழமை
தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு
காசோலையை வேன் கூரையில் கட்டி
ஆலைக்குக் கொண்டுபோனேன்.
பாலத்தின் நடுவில் கிடத்தினேன்.
பத்துக் கிலோவுக்குக் கீழ் அந்தப் பாலம்
எதையும் மதிக்காது.
முள் இல்லை, இப்போதெல்லாம் எண்தான்.
பூச்சியம்.
ஒரு மைனா வந்து மேலே உட்கார்ந்தது.
அப்போதும் பூச்சியம்.
சீட்டு அடித்தேன்.
நிகர எடை என்ற கட்டத்தில்
இயந்திரமே எழுதியது, நான் அல்ல.

ஒன்பதாவது கடிதத்தோடு அதைப் பின்னிட்டு
வட்டார அலுவலக முகப்பில் நீட்டினேன்.
தூடோங் அணிந்த இளம்பெண்.
கடிதத்தைப் புரட்டினாள்.
சீட்டை மட்டும்
இரண்டு முறை படித்தாள்.
சிரிக்கவில்லை.
முத்திரை குத்தி
தேதியைக் கையால் எழுதி
நகலை என்னிடம் தந்து
மெதுவாகக் கேட்டாள்,
"காக், அந்தக் காசோலை இப்போ எங்கே?"

வேனில் இருக்கிறது என்றேன்.
இருட்டுவதற்குள் கொண்டுபோய்
நிறுத்தியாக வேண்டும்.
நாளைக்குப் பள்ளி உண்டு,
மூன்றாம் ஆண்டுக்குச் சுவர் வேண்டும்.

இப்படிக்கு,
கோமளவல்லி த/பெ சன்னாசி.
இணைப்பு: சீட்டு ஒன்று.